உடல் எடை குறைவு, சி.ஆர்.பி. கூடுதல்: எடை தூக்குவதா, மூலிகை மாத்திரையா?

ஒல்லிக்குருவி:
எல்லாருக்கும் வணக்கம். வயது 27, உயரம் 162 செ.மீ., எடை 45 கிலோ. பி.எம்.ஐ. 17.1 வருது. சின்ன வயசிலிருந்தே ஒல்லிதான். ஆனா கடந்த ஒரு வருஷத்துல இன்னும் இறங்கியிருக்கு. சீக்கிரமே அசதி வந்துடுது, மூட்டெல்லாம் விட்டு விட்டு வலிக்குது. எடை ஏத்தணும்னு ஜிம்ல சேர்ந்தேன். அதே சமயத்துல எடுத்த ரத்தப் பரிசோதனையில ஹெச்.எஸ். சி.ஆர்.பி. (உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டுற புரதத்தை நுணுக்கமா அளக்கிறது) லிட்டருக்கு 4.8 மில்லிகிராம். பக்கத்துல "அதிக அபாயம்"னு போட்டிருக்கு.

பயிற்சியாளர் சொல்றது: எடை தூக்கினா சதை பிடிக்கும், அழற்சியும் இறங்கும். கூடவே அஸ்வகந்தா, மிளகுச் சத்து சேர்த்த குர்குமின் (மஞ்சள்ல இருக்கிற சத்து), கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட் மூணையும் மூணு மாசம் விடாம சாப்பிடணும். மூலிகைதானே, கெடுதல் இல்லைங்கிறார். தைராய்டு, இரும்புச் சத்து எதுவும் இன்னும் பார்க்கல. மாதவிலக்கு முன்ன மாதிரி இல்ல, ரெண்டு மூணு மாசம் தள்ளிப் போகுது.

எடை குறைவா இருக்கிற பெண்கள் இதை எப்படிக் கையாண்டீங்க? மாத்திரையை ஆரம்பிக்கலாமா?

சோதனைக்குழாய்:
ஆய்வகத்தில் வேலை செய்பவன். ஒரே கேள்விதான், ரத்தம் கொடுத்தது எப்போது? ஜிம்முக்குப் போவதற்கு முன்பா, பின்பா? அந்த வாரத்தில் சளி, தொண்டை வலி, பல் வீக்கம், காயம் ஏதும் இருந்ததா? கருத்தடை மாத்திரை எடுக்கிறீர்களா?

ஒல்லிக்குருவி:
ஜிம்ல முதல் வகுப்பு முடிஞ்ச ரெண்டாம் நாள். அன்னிக்குக் கால் பயிற்சி, மாடிப்படி இறங்கவே முடியல. லேசா தொண்டை கரகரப்பும் இருந்துச்சு. கருத்தடை மாத்திரை இல்ல.

சோதனைக்குழாய்:
அப்படியானால் அந்த 4.8-ஐ வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். சி.ஆர்.பி. கல்லீரலில் உண்டாகும் புரதம். உடம்பில் எங்காவது இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிச் சமிக்ஞைப் பொருள் உயர்ந்தால் கல்லீரல் இதைக் கூடுதலாகச் சுரக்கும். காரணம் கிருமியா, காயமா, பழக்கமில்லாத பயிற்சியால் நைந்த தசையா என்று அதற்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரைகூட அதை ஏற்றிவிடும். அதனால்தான் கேட்டேன்.

1-க்குக் கீழே குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம் என்ற கணக்கு 2003-இல் அமெரிக்க இதயச் சங்கமும் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமும் சேர்ந்து வகுத்தது. மாரடைப்பு அபாயத்தை மதிப்பிட வந்த அளவுகோல் அது. அதிலேயே இரண்டு வாரம் இடைவெளி விட்டு இரண்டு முறை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். 10-க்கு மேல் போனால் முதலில் தொற்றோ வேறு நோயோ இருக்கிறதா என்று தேட வேண்டும்.

ரத்தத்தில் சி.ஆர்.பி. ஏறக்குறைய 19 மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறையும். தூண்டுதல் நின்றுவிட்டால் சில நாட்களிலேயே இறங்கிவிடும். தொண்டை நன்றாகக் குணமானபின், கடும் பயிற்சி இல்லாத மூன்று நான்கு நாட்கள் கழித்து மறுபடி எடுங்கள்.

பளுதூக்கி:
தோழி, நான் பெண்களுக்கு எடைப் பயிற்சி சொல்லிக் கொடுக்கிறவள். எடை குறைஞ்ச பெண்கள் நிறையப் பேர் என்கிட்ட வந்திருக்காங்க, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

பயிற்சியாளர் சொன்னதுல பாதி சரி. தசை சுருங்கும்போது அதிலிருந்தே இன்டர்லூக்கின்-6 வெளியாகுது. இதை விரிவா ஆராய்ஞ்சவங்க கோபன்ஹேகன்ல பென்டே குளாருண்ட் பெடர்சன் குழு. தசையிலிருந்து இப்படி வர்ற பொருள்களுக்கு மயோகைன்னு பேர் வச்சதும் அவங்கதான். தொற்று வந்தா ஏறுகிற அதே இன்டர்லூக்கின்-6 தான் இது. ஆனா பயிற்சியில, அழற்சியைத் தூண்டுற டி.என்.எஃப். ஆல்ஃபாங்கிற பொருள் ஏறாம இது மட்டும் ஏறும்போது, அதன் பின்னாலேயே இன்டர்லூக்கின்-10 மாதிரி அழற்சியை அடக்குற பொருள்கள் வருது. 2003-ல அந்தக் குழு ஆரோக்கியமான ஆண்களுக்குக் கொஞ்சம் பாக்டீரியா நஞ்சை ஊசியில கொடுத்துப் பார்த்துச்சு. சும்மா இருந்தவங்களுக்கு டி.என்.எஃப். ஆல்ஃபா ஏறுச்சு. மூணு மணி நேரம் சைக்கிள் மிதிச்சவங்களுக்கு அந்த ஏற்றம் அடங்கிப்போச்சு.

இதை அப்படியே உங்களுக்குப் பொருத்தக் கூடாது. பயிற்சியால சி.ஆர்.பி. இறங்குதுன்னு வர்ற ஆய்வுகள்ல பெரும்பாலும் இருக்கிறவங்க வயசானவங்க, இல்லன்னா உடல் பருமன் உள்ளவங்க. அவங்களுக்குக் கொழுப்புத் திசுவே அழற்சிப் பொருள்களை விடாம சுரந்துட்டு இருக்கும். கொழுப்பு குறைஞ்சா எண்ணும் இறங்கும். உங்க உடம்புல குறைக்க என்ன இருக்கு? ஒல்லியா இருக்கிறவங்களுக்கு சி.ஆர்.பி. பொதுவா குறைவாத்தான் இருக்கும். நிஜமாவே ஏறியிருந்தா அதுக்கு ஒரு காரணம் இருக்கும், அந்தக் காரணத்தைத்தான் தேடணும்.

இன்னொன்னு: பயிற்சி முடிஞ்சதும் தசையில வர்ற சின்ன அழற்சி நமக்கு வேணும். நைஞ்ச நாரைச் சுத்தம் பண்ணி, புது நார் கட்டுற வேலை அதுலதான் தொடங்குது. அதை மருந்து போட்டு அடக்கினா என்ன ஆகும்னு ஸ்வீடன்ல கரோலின்ஸ்கா நிறுவனம் 2018-ல பார்த்துச்சு. இளம் வயசுக்காரங்க 8 வாரம் எடைப் பயிற்சியோட தினம் 1200 மி.கி. ஐபுப்ரோஃபென் எடுத்தாங்க. ரொம்பக் குறைஞ்ச அளவு ஆஸ்பிரின் எடுத்தவங்களை விட இவங்களுக்குத் தசை வளர்ச்சி குறைவு. மஞ்சளும் அப்படித்தான் செய்யும்னு நான் சொல்ல வரல, அதுக்கு இந்த ஆய்வு சான்று ஆகாது. ஆனா சதை பிடிக்கணும்னு எடை தூக்குற பெண்ணுக்கு "அழற்சியை அடக்கு, அடக்கு"ன்னு சொல்றதே தப்பான குறின்னு உறுதியா நம்புறேன்.

வேர்க்கொடி:
மூலிகைகளை மொத்தமாகத் தள்ளிவைக்கும் போக்கை இங்கே அடிக்கடி பார்க்கிறேன், அது நியாயமில்லை. மூலிகை மருந்தியல் படித்தவள் என்பதால் சொல்கிறேன்.

இஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். தினம் 2 கிராம் வீதம் 11 நாட்கள் எடுத்தவர்களுக்குப் பயிற்சிக்குப் பிந்தைய தசைவலி சுமார் கால் பங்கு குறைந்ததாக 2010-இல் வந்த ஆய்வு காட்டியது. பசி மந்தம், குமட்டல் உள்ளவர்களுக்கும் இஞ்சி உதவும். எடை குறைந்த பெண்ணுக்கு அதுவே பெரிய உதவி. அமுக்கரா எனும் அஸ்வகந்தாவை, தினம் 600 மி.கி. வேர்ச் சாறாக, எடைப் பயிற்சியோடு 8 வாரம் கொடுத்த ஆய்வு 2015-இல் வெளியானது. மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களை விட வலிமையும் தசை அளவும் கூடியிருந்தன. சான்றே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

உணவுக்கணக்கு:
வேர்க்கொடி, நீங்கள் சொல்லும் 2015 ஆய்வை நானும் படித்திருக்கிறேன். அதில் இருந்த 57 பேரும் ஆண்கள். கேள்வி கேட்டவர் பி.எம்.ஐ. 17 உள்ள, மாதவிலக்கு தள்ளிப்போகும் பெண்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. ஒரு வருடமாக எடை இறங்குகிறது, அசதி, மாதவிலக்கு மாற்றம். இந்த மூன்றும் சேர்ந்தால் தைராய்டு மிகைச் சுரப்பைப் பரிசோதித்தே ஆக வேண்டும். அஸ்வகந்தா தைராய்டு ஹார்மோனை உயர்த்தக் கூடியது. சுரப்பு ஏற்கெனவே மிகுந்திருப்பது தெரியாமல் அதைக் கொடுத்தால் படபடப்பு கூடும், எடை இன்னும் இறங்கும். டி.எஸ்.ஹெச். என்ற தைராய்டு பரிசோதனையைப் பார்க்காமல் எடை குறைந்த எவருக்கும் அதைக் கொடுக்கக் கூடாது என்பது என் முடிவான கருத்து. கர்ப்பத்தில் அறவே கூடாது. மாதவிலக்கு தள்ளிப்போகும்போது கர்ப்பம் இருப்பதே சில வாரங்கள் தெரியாமல் போகலாம். அஸ்வகந்தாவால் கல்லீரல் பாதிப்பு, மஞ்சள் காமாலை வந்த நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. டென்மார்க் 2023-இல் அதைத் தடையே செய்தது.

வேர்க்கொடி:
டி.எஸ்.ஹெச். முதலில், மறுக்கவில்லை. கர்ப்பம் பற்றிச் சொன்னதும் சரி. ஆனால் டென்மார்க் தடையை எல்லாருக்கும் பொதுவான தீர்ப்பாக எடுக்க முடியாது. வேர்த்தூளை அளவோடு தருவதும், வேரும் இலையும் சேர்த்துச் செறிவாக்கிய சாற்றைக் குப்பியில் அடைத்துத் தருவதும் வேறு வேறு. தேர்ந்த மருத்துவர் ஆளைப் பார்த்து, செரிமானம் பார்த்து, அளவும் காலமும் குறித்துத் தருவார். மூன்றையும் ஒன்றாக மூன்று மாதம் விழுங்கச் சொல்வது மூலிகை மருத்துவமே அல்ல. அந்தப் பயிற்சியாளரை நானும் ஆதரிக்கவில்லை.

உணவுக்கணக்கு:
அதில் நாம் ஒன்றுபடுகிறோம். மீதி இரண்டையும் பார்த்துவிடுவோம்.

கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட்: முதலில் நிறுத்த வேண்டியது இதுதான். எடை குறைக்க விற்கப்படும் பொருளை எடை ஏற வேண்டிய பெண்ணுக்கு எதற்குத் தர வேண்டும்? உணவிலுள்ள இரும்பு உடம்பில் சேர்வதை அது தடுக்கிறது. அதிலுள்ள ஈ.ஜி.சி.ஜி. என்ற பொருள் தினம் 800 மி.கி. அல்லது அதற்கு மேல் மாத்திரை வடிவில் போனால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தென்படலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் சொன்னது. வெறும் வயிற்றில் எடுத்தால் அது ரத்தத்தில் இன்னும் அதிகமாக ஏறும்.

மிளகுச் சத்து சேர்த்த குர்குமின்: சமையலில் போடும் மஞ்சளுக்கும் இதற்கும் வெகு தூரம். மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான், அதிலும் பெரும்பகுதி உடம்பில் சேராமல் வெளியேறிவிடும். மிளகிலுள்ள பைப்பரின் சேர்ந்தால் ரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்கு கூடுவதாக 1998-இல் கண்டார்கள். அந்த 20 மடங்கைத்தான் விளம்பரத்தில் பெருமையாகப் போடுகிறார்கள். ஆனால் பைப்பரின் நாம் எடுக்கும் மற்ற மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடும். எளிதில் உறிஞ்சும்படி செய்த மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பதிவாகியிருக்கிறார்கள். குர்குமின் இரும்போடும் ஒட்டிக்கொள்ளும்.

தூய்மை பற்றியும் ஒரு சொல். 2004-இல் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்ததில் 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. குழந்தை பெற நினைக்கும் வயதில் ஈயம் உடம்பில் சேர்வது சின்ன விஷயமல்ல.

பூங்கொத்து:
நான் அஸ்வகந்தா சாப்பிட்டு நல்லா தூங்கினேன், வேற ஒண்ணும் ஆகல. எல்லாரையும் இப்படிப் பயமுறுத்தணுமா?

நீலத்தாமரை:
பூங்கொத்து, உங்களுக்கு ஒத்துக்கிட்டதுல சந்தோஷம். என் கதையையும் கேளுங்க, பயமுறுத்த இல்ல.

நானும் பி.எம்.ஐ. 16-ம் சொச்சமும் இருந்தவ. சி.ஆர்.பி. எப்ப எடுத்தாலும் 15, 18-னு வரும். சாப்பிட்டா வயிறு முறுக்கும், அடிக்கடி வயித்தால போகும். ஒரு உடற்பயிற்சி மையத்துல "உடம்புல அழற்சி இருக்கு, மஞ்சள் மாத்திரை எடு"ன்னாங்க, எடுத்தேன். வலி லேசா மட்டுப்பட்ட மாதிரி இருந்ததால மருத்துவரைப் பார்க்காம நாள் தள்ளிப்போச்சு. கடைசியில மலத்துல, குடல் அழற்சியைக் காட்டுற கால்புரோடெக்டின் பரிசோதனை, அப்புறம் குடல் உள்நோக்கிப் பரிசோதனை. க்ரோன்ஸ்ங்கிற குடல் அழற்சி நோய்னு வந்துச்சு. எனக்கு எடை குறைஞ்சதுக்கே அழற்சிதான் காரணம். சரியான மருந்து ஆரம்பிச்சதும் எண் இறங்குச்சு, எடையும் தானா ஏறத் தொடங்குச்சு. எடைப் பயிற்சி அதுக்கு அப்புறம்தான்.

எடை இறங்கி, சி.ஆர்.பி.-யும் திரும்பத் திரும்பக் கூடுதலா வந்தா காசநோய், சீலியாக் (கோதுமைப் புரதம் ஒத்துக்காத குடல் நோய்), குடல் அழற்சி, முடக்குவாதம் எல்லாத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்க. ராத்திரி வியர்வை, மாலைக் காய்ச்சல், விடாத இருமல், காலையில மூட்டு இறுக்கம் ஒரு மணி நேரம் நீடிக்கிறது, இதுல ஏதாவது இருந்தா தள்ளிப்போடவே கூடாது.

பளுதூக்கி:
நீலத்தாமரை சொன்னதை ஒவ்வொரு பயிற்சியாளரும் படிக்கணும்.

ஒல்லிக்குருவி, மறு பரிசோதனை வரட்டும். அதுக்குள்ள ஒண்ணு சொல்லுங்க, ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடுறீங்க, ஜிம்ல என்னென்ன செய்யுறீங்க?

ஒல்லிக்குருவி:
செயலியில போட்டுப் பார்த்தேன், சுமார் 1400 கலோரி. ஜிம்ல வாரம் ஆறு நாள். அரை மணி நேரம் டிரெட்மில், அப்புறம் எடை. கடிகாரம் ஒரு நாளைக்கு 350 கலோரி எரிஞ்சதா காட்டுது.

உணவுக்கணக்கு:
கணக்கை ஒரு முறை போட்டுக் காட்டுகிறேன். 45 கிலோவில் கொழுப்பு நீங்கலான எடை தோராயமாக 36 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1400-இல் பயிற்சிக்கு 350 போனால் மிஞ்சுவது 1050. அதை 36-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 29 கலோரி.

இதயம், மூளை, எலும்பு, கருப்பை, நோய் எதிர்ப்பு எல்லாம் அந்த மிச்சத்தில்தான் ஓட வேண்டும். கிலோவுக்கு 45 இருந்தால் உடம்பு சீராக நடக்கும். 30-க்குக் கீழே போனால் பல பெண்களுக்கு மூளை மாதவிலக்கு ஹார்மோன்களைக் குறைக்கிறது, ஈஸ்ட்ரோஜன் இறங்குகிறது, எலும்பு மெலிகிறது. 30 என்பது எல்லோருக்கும் ஒரே மாதிரியான கோடு அல்ல, சிலருக்கு அதற்கு மேலேயே சிக்கல் தொடங்கும். கடிகாரம் காட்டும் கலோரியும் துல்லியமானதல்ல. ஆனாலும் உங்கள் கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் ஐயமில்லை. பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014-இல் இந்த நிலைக்குத் தனிப் பெயரே வைத்து வழிகாட்டி வெளியிட்டது. விளையாட்டு வீராங்கனைகளுக்கு மட்டும் வருவதல்ல இது.

செய்ய வேண்டியது: டிரெட்மில்லை இப்போதைக்கு விடுங்கள். உணவில் தினம் 300 முதல் 500 கலோரி கூட்டுங்கள். ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு ஏற்காது, வாரத்துக்கு 150, 200 என்று ஏற்றுங்கள். பெரிய சாப்பாடு இறங்காதவர்களுக்கு நடுநடுவே சின்ன உணவு நல்லது. 30 கிராம் வேர்க்கடலையில் சுமார் 170 கலோரியும் 7 கிராம் புரதமும் இருக்கின்றன. புரதம் கிலோவுக்கு 1.6 கிராம் என்றால் உங்களுக்கு 72 கிராம். நான்கு வேளைக்குப் பிரித்தால் வேளைக்கு 18 கிராம், அது எட்டக் கூடியதுதான். ஆனால் புரதத்திலேயே வயிற்றை நிரப்பி மாவுச்சத்தையும் கொழுப்பையும் குறைத்துவிடாதீர்கள்.

பளுதூக்கி:
பயிற்சி ஆறு நாள் வேண்டாம், மூணு நாள் போதும். நடுவுல ஒரு நாளாவது ஓய்வு. ஸ்க்வாட் (உட்கார்ந்து எழுறது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடை தூக்குறது), ரோயிங் (எடையை உடம்பை நோக்கி இழுக்கிறது), தோளுக்கு மேல தூக்குற பிரஸ். இந்த நாலும் உடம்பு முழுக்க வேலை வாங்கும். ஒவ்வொண்ணும் 2 செட், 8 முதல் 12 தடவை. இன்னும் ரெண்டு தடவை தூக்க முடியும்னு தோணும்போதே நிறுத்துங்க. 12 தடவை சுலபமா வந்தா மட்டும் அடுத்த வாரம் கொஞ்சம் எடை கூட்டுங்க. மொத்தம் முக்கால் மணி நேரம்.

முதல் வகுப்புல வந்த அந்தக் கால் வலிக்குப் பயப்படாதீங்க. பழக்கமில்லாத பயிற்சியில் வலி ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு உச்சத்துக்குப் போகும். அதே பயிற்சியை அடுத்த தடவை செய்யும்போது வலி நல்லாவே குறையும். வலி வந்தாத்தான் பலன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஆனா மூட்டுக்குள்ள குத்துற வலி, சிறுநீர் கறுத்துப் போறது, இந்த ரெண்டுக்கும் உடனே மருத்துவரைப் பாருங்க.

ஒல்லிக்குருவி:
மறு பரிசோதனை வந்தாச்சு. சி.ஆர்.பி. 0.9! தைராய்டு சரி, சர்க்கரை சரி, சீலியாக் இல்ல. ஆனா இரும்புச் சேமிப்பைக் காட்டுற ஃபெரிட்டின் 8, ஹீமோகுளோபின் 11.2. மருத்துவர் இரும்பு மாத்திரை எழுதியிருக்காங்க, மாதவிலக்குக்கு ஹார்மோன் பரிசோதனையும் சொல்லியிருக்காங்க. மூணு குப்பியையும் தொடவே இல்ல. அசதி இரும்பால தானா?

சோதனைக்குழாய்:
பெரும்பங்கு அதுவாக இருக்கலாம். பெரியவர்களுக்கு ஃபெரிட்டின் 15-க்குக் கீழ் போனால் இரும்புச் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழ் ரத்தசோகை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து நிற்கும். அப்போது 70-க்குக் கீழே இருந்தாலே பற்றாக்குறை என்று கொள்ள வேண்டும். சி.ஆர்.பி.-யையும் ஃபெரிட்டினையும் ஒரே நாளில் எடுத்தால் இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம்.

உணவுக்கணக்கு:
இரும்பு எடுக்கும் நேரத்துக்கு ஒரு குறிப்பு. கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் குடலில் இரும்பு உள்ளே போகும் வாசலை அடைக்கிறது. அழற்சியில் ஏறும், பயிற்சி முடிந்து மூன்று முதல் ஆறு மணி நேரத்திலும் ஏறும். பளுதூக்கி சொன்ன அதே இன்டர்லூக்கின்-6 தான் காரணம். அதனால் பயிற்சி நாளில் இரும்பு மாத்திரையைக் காலையிலேயே, பயிற்சிக்கு முன்போ முடிந்த அரை மணிக்குள்ளோ எடுப்பது நல்லது. ஒரே ஒரு முறை இரும்பு எடுத்தாலே ஹெப்சிடின் ஒரு நாள் உயர்ந்து நிற்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தால் உறிஞ்சுதல் கூடுவதை 2017-இல் சுவிட்சர்லாந்து ஆய்வு பெண்களிடமே காட்டியது. எந்த முறை என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். தேநீர், காபி ஒரு மணி நேரமாவது தள்ளி.

வேர்க்கொடி:
இரும்பு எடுக்கும் காலத்தில் குர்குமின் மாத்திரை வேண்டாம், நானும் அதையே சொல்வேன். சமையலில் மஞ்சள், இஞ்சி வழக்கம்போல இருக்கட்டும். பசி இல்லாவிட்டால் உணவுக்கு முன் சிறிது இஞ்சி. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் மட்டும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அமுக்கராவைப் பற்றி என் கருத்து மாறவில்லை, எடையும் மாதவிலக்கும் சீரானபின் ஒரு தேர்ந்த மருத்துவரிடம் பேசலாம்.

பளுதூக்கி:
நான் அப்பவும் வேண்டாம்னுதான் சொல்வேன் வேர்க்கொடி. சாப்பாடும் எடையும் போதும். ஆனா மருத்துவர்கிட்ட கேட்டு எடுக்கிறதை நான் தடுக்க மாட்டேன்.

அந்திமல்லி:
இழையை முழுசா படிச்சேன். எனக்கு பி.எம்.ஐ. 15.2. சாப்பிடவே பயமா இருக்கு, எழுந்தா தலை சுத்துது. பளுதூக்கி அக்கா சொன்ன நாலு பயிற்சியை வீட்டிலேயே ஆரம்பிக்கட்டுமா?

உணவுக்கணக்கு:
அந்திமல்லி, தயவுசெய்து இப்போது ஆரம்பிக்காதீர்கள். இங்கே சொன்ன கலோரிக் கணக்கும் உங்களுக்கானது அல்ல. பி.எம்.ஐ. 16-க்குக் கீழே இருக்கும்போது திடீரென்று நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் மூன்றும் சரியும். அது இதயத் துடிப்பையே குலைக்கலாம். மருத்துவர் கண்காணிப்பில்தான் உணவைக் கூட்ட வேண்டும். இன்றோ நாளையோ மருத்துவரிடம் போங்கள், கூட ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். இந்த மூன்று உப்புகளையும் ஈ.சி.ஜி.-யையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சாப்பிடப் பயமாக இருப்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அதற்கும் சிகிச்சை உண்டு. மயக்கம் வந்தாலோ நெஞ்சு படபடத்தாலோ நாளைவரை காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பளுதூக்கி:
தங்கச்சி, தனிமடல் அனுப்பியிருக்கேன், பாரு. மருத்துவரைப் பார்த்துட்டு எனக்கு எழுது.